புயலுக்கு யார் பணம் செலுத்துவது?

துரொண்ட்ஹெய்ம் நகரிலிருந்து முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அப்பால், ஸ்ரியோர்டாலில், கடற்கழியை ஒட்டி அமைந்துள்ள வார்ணெஸ் விமான நிலையம் எம்மவர்க்கு நன்கு பழக்கமானது. கோடை விடுமுறையிலும் நத்தார் விடுமுறையிலும் யாழ்ப்பாணம், சென்னை, ரொறன்ரோ என்று புறப்படும் குடும்பங்கள், பலமுறை நிறுத்துப் பார்த்துக் கட்டிய பெட்டிகளுடன் இங்கேதான் வந்து நிற்கின்றன. நோர்வேக் கடலிலிருந்து மேற்குக் காற்று வேகமெடுத்து வரும் நாட்களில் இந்நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் 'இன்ஸ்தில்த்' என்ற சொல் வரிசையாகத் தோன்றும். சேவை நிறுத்தப்பட்டது என்பது அதன் பொருள். அந்தச் சொல் தோன்றுவதற்கு முன்னர் பயணி என்ன செய்தார், தோன்றிய பின்னர் என்ன செய்தார் என்பதிலே பல்லாயிரம் குரோணர்கள் தங்கியிருக்கின்றன. எம்மவர் பலர் இவ்விடத்தில் வீணே பணத்தை இழப்பதைக் கண்டதனாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

இப்பிரதேசத்துக்குப் புயல் புதியதன்று. 1992ஆம் ஆண்டு புத்தாண்டுத் தினத்தன்று மேற்குக் கரையைத் தாக்கிய சூறாவளியை இங்குள்ள முதியோர் இன்றும் நினைவுகூர்வர். 2024 ஜனவரி 31ஆம் நாள் வந்த 'இங்குன்' என்னும் புயல், அதன் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நோர்வே கண்டிராத வலிமையுடன் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டில் 'ஹான்ஸ்' கொணர்ந்த பெருமழையில் ஆறுகள் கரைபுரண்டு, ரிங்கபு என்னுமிடத்தில் ரயில் பாலமொன்று இடிந்து வீழ்ந்தது. ஒஸ்லோவுக்கான டோவ்ரே ரயில் பாதை அடுத்த ஆண்டு மே மாதம்வரை துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. வட நோர்வேயின் பின்மார்க் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து வாழ்வைத் தொடங்கிய எம்மவர்க்கோ, சிறு விமானம் காற்றினால் வராமற் போவது அன்றாடச் செய்தியாகவே இருந்தது.

சட்டம் என்ன கூறுகின்றது என்பதை முதலில் நோக்குவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்னும் ஒழுங்குவிதி 2005 பெப்ரவரி 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நோர்வே ஒன்றியத்தில் உறுப்பு நாடாக இல்லாதபோதிலும், ஐரோப்பியப் பொருளாதார வலய உடன்படிக்கையின் வழியாக அவ்விதி இங்கும் செல்லும். விமானத்தை நிறுவனமே நிறுத்திவிட்டால் பயணிக்கு மூன்று வழிகள் உண்டு: ஏழு நாட்களுக்குள் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம், இயன்ற விரைவில் வேறு விமானத்தில் செல்லலாம், அல்லது இடம் இருக்குமாயின் தமக்கு வசதியான பிறிதொரு நாளில் செல்லலாம். இவற்றுள் எதற்கும் மாற்றக் கட்டணம் இல்லை. கட்டண வித்தியாசம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. மலிவான, 'மாற்ற முடியாது' என்று அச்சிட்ட சீட்டாயினும் இதுவே விதி. பலர் இதனை அறியாமல், "எங்கடை ரிக்கற் மலிவு ரிக்கற், அதாலை ஒண்டும் கிடைக்காது" என்று தாமே தீர்ப்பு எழுதிவிடுகின்றனர்.

புயலின்போது கிடைக்காதது நட்டஈடு மாத்திரமே. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என அவ்விதி வகுத்துள்ள தொகை, நிறுவனத்தின் பிழையால் விமானம் நின்றால் மட்டும் உரியது. கடும் காலநிலை 'அசாதாரண சூழ்நிலை' எனக் கொள்ளப்படும். அவ்வாறு இருந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தையே சாரும். உணவும், இரவு தங்க வேண்டி நேரின் விடுதியும், விடுதிக்குச் சென்றுவரும் போக்குவரத்தும் புயலிலும் வழங்கப்பட வேண்டியவை. ஆங்கிலேயரின் ஒப்பந்தச் சட்டத்தில் வெள்ளத்தையும் சூறாவளியையும் 'கடவுளின் செயல்' எனக் கூறும் பழைய வழக்கு ஒன்றுண்டு. எமது ஊரில் கடவுளின் பெயரைச் சொல்லிக் கடனைத் தவிர்த்தவர்கள் அரிது; ஐரோப்பிய விதியும் அந்த வழியை விடுதி அறையின் வாசலில் அடைத்துவிட்டது.

அதனை அடைத்தது ஒரு வழக்கு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எயாஃப்யாட்லயோக்குல் எரிமலை சாம்பலைக் கக்கியபோது நோர்வேயின் வான்பரப்பு முதலில் மூடப்பட்டவற்றுள் ஒன்று. அன்றைய பிரதமர் ஜென்ஸ் ஸ்ரொல்ரென்பேர்க் நியூயோர்க்கில் அகப்பட்டு, கையடக்கக் கணினி ஒன்றின் மூலம் அரசாங்கத்தை நடத்திய படத்தை வாசகர்கள் சிலர் மறந்திருக்கமாட்டார்கள். அதே வாரத்தில் போர்த்துக்கலின் ஃபாரோ நகரிலிருந்து டப்ளினுக்குத் திரும்பவிருந்த அயர்லாந்துப் பெண் ஒருவர் ஒரு வாரம் அங்கேயே தங்க நேர்ந்தது. உணவுக்கும் தங்குமிடத்துக்கும் அவர் செலவிட்டது ஏறத்தாழ 1130 யூரோ. அதனைத் தர மறுத்த ரையன்எயார் நிறுவனம், இத்தகைய பேரிடர் சாதாரண 'அசாதாரணத்தையும்' கடந்தது என வாதிட்டது. 2013 ஜனவரி 31ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பயணியைப் பராமரிக்கும் கடமைக்கு நாள் எல்லையும் இல்லை, தொகை எல்லையும் இல்லை என்றது. ஆனால் கேட்கும் செலவு தேவையானதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்றது. ஐந்து நட்சத்திர விடுதியின் பற்றுச்சீட்டை நீட்டுவோர் இப்பிற்பகுதியையும் வாசித்தல் நன்று.

இதுவரை கூறியது நிறுவனம் தானே நிறுத்திய விமானத்தைப் பற்றியது. மாற்றக் கட்டணம் என்னும் சிக்கல் எழுவது அதற்கு முந்திய நாளில். வானிலை நிலையம் செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டது. நாளைய விமானம் பறக்காது என்பது வீட்டிலிருக்கும் பாட்டிக்கும் தெரிகின்றது. ஆயினும் நிறுவனம் இன்னும் எதையும் அறிவிக்கவில்லை. அந்நேரத்தில் பயணி பதறிப்போய்த் தானாகவே பயணத்தை மாற்றினால், அது அவருடைய விருப்பத் தெரிவு எனக் கொள்ளப்படும். மாற்றக் கட்டணமும் கட்டண வித்தியாசமும் அவர் தலையில் விழும். தானாக இரத்துச் செய்தால் சீட்டின் பெறுமதியே போய்விடலாம். அடுத்த நாள் விமானம் உண்மையிலேயே நிறுத்தப்பட்டாலும், முன்னரே விலகியவர் அவ்விதியின் பாதுகாப்புக்குள் மீண்டும் வர இயலாது. பொறுமையாக இருந்தவருக்கு எல்லாம் கிடைக்க, முன்யோசனை உடையவர் பணம் கட்டுகின்றார். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே எமது கருத்து. ஆனால் விதி அவ்வாறே உள்ளது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பெரும் புயல் நெருங்கும்போது பல நிறுவனங்கள், குறித்த நிலையங்களுக்கும் குறித்த நாட்களுக்கும் மாற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகத் தாமே அறிவிக்கின்றன. கருணையினால் மட்டும் என்று எண்ணவேண்டாம். இன்று தானாக வேறு நாளுக்கு மாறிக்கொள்ளும் ஒவ்வொரு பயணியும், நாளை விடுதி கொடுக்கவேண்டிய வரிசையில் ஒருவர் குறைவு. ஆகவே எச்சரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டியது, அத்தகைய தள்ளுபடி உண்டா என நிறுவனத்தைக் கேட்பது. உண்டாயின் அதன் நிபந்தனைகளை வரிவரியாக வாசித்தல் வேண்டும்: எந்தத் திகதிக்கு முன்னர் வாங்கிய சீட்டு, புதிய பயணம் எந்தத் திகதிக்குள், புறப்படும் இடமும் சேரும் இடமும் அதேதானா, கட்டண வித்தியாசமும் தள்ளுபடியா என்பவை. கடைசி வினாவே முக்கியமானது. மாற்றக் கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டு, நத்தார் வாரத்து விலைக்கும் பழைய விலைக்கும் இடையிலான தொகையைக் கேட்பது சட்டப்படி பிழையன்று.

அமெரிக்காவிலுள்ள உறவினர்களிடம், "இஞ்சை மாற்றக் கட்டணமே இல்லை" என்று கேட்டிருப்பீர்கள். 2020 ஆகஸ்ட் இறுதியில் யுனைற்றெட் நிறுவனமும் அதைத் தொடர்ந்து டெல்ரா, அமெரிக்கன் ஆகியனவும் உள்நாட்டுப் பயணங்களுக்கு அதனை நீக்கியது உண்மை. மிக மலிவான சீட்டுக்களுக்கு அது பொருந்தவில்லை. கட்டண வித்தியாசமும் நீங்கவில்லை. கனடாவின் நிலை வேறு. அங்கு 2019இல் வந்த விதிகளின்படி, பனிப்புயல் போன்ற நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் விமானம் நின்றால் மாற்றுப் பயணம் உண்டு; விடுதியும் உணவும் கடமையல்ல. ரொறன்ரோவில் கலியாண வீட்டுக்குச் சென்று திரும்புவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். ஐரோப்பிய நிறுவனமொன்றில் இங்கு திரும்பி வருவோருக்கு ஐரோப்பிய விதியும் கைகொடுக்கும்.

அந்தப் 'ஐரோப்பிய நிறுவனம்' என்ற சொல்லில் எம்மவர்க்குரிய பெரும் பொறி ஒன்று உள்ளது. நோர்வேயிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் அவ்விதி பொருந்தும். வெளியிலிருந்து இங்கு வருவதற்கோ, விமானம் ஐரோப்பிய நிறுவனத்துடையதாக இருந்தால் மட்டுமே பொருந்தும். போகவர ஒரே சீட்டு வாங்கினாலும் இரண்டும் தனித்தனிப் பயணங்களே என 2008 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், எமிரேற்ஸ் நிறுவனம் சம்பந்தப்பட்ட மணிலா வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. நாம் பெரும்பாலும் வளைகுடா நாட்டு விமானங்களிலேயே ஊருக்குப் போய் வருகின்றோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் சென்றன. 2016இல் வர்தா, 2023இல் மிக்ஜாம், 2024இல் ஃபெங்கல் என அந்நிலையம் மீண்டும் மீண்டும் மூடப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையை உலுக்கி, அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதை நாம் யாவரும் துயரத்துடன் அறிவோம். கார்த்திகை, மார்கழி மாதங்கள் அங்கே புயற்காலம், இங்கே விடுமுறைக்காலம். இக்காலத்தில் திரும்பும் பயணத்துக்குப் பயணக் காப்புறுதி ஒன்றே துணை. நோர்வேயில் பலரிடம் ஆண்டுக் காப்புறுதி உண்டு. அது காலநிலைத் தாமதத்தை உள்ளடக்குகின்றதா, எத்தனை நாள் பயணம்வரை செல்லும் என்பதைப் புறப்படுமுன் பார்ப்போர் சிலரே.

மற்றொரு பொறி, பிரித்து வாங்கிய சீட்டு. துரொண்ட்ஹெய்ம் வாசியான அன்பர் ஒருவர் தாயாரின் அந்தியேட்டிக்கு யாழ்ப்பாணம் புறப்பட்டார். ஒஸ்லோவிலிருந்து கொழும்புக்கு ஒரு சீட்டு. வார்ணெஸிலிருந்து ஒஸ்லோவுக்கு மலிவாகக் கிடைத்த வேறொரு சீட்டு. சேமிப்பு அறுநூறு குரோணர். புயலினால் காலை விமானம் நின்றது. உள்நாட்டு நிறுவனம் அச்சிறு சீட்டின் பணத்தை மீள அளித்தது. அதன் கடமை அத்துடன் தீர்ந்தது. நீண்ட பயணத்துக்குரிய நிறுவனமோ, ஒஸ்லோவிலிருந்து எமது விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது, நீங்கள்தான் வரவில்லை என்றது. வராத பயணியின் திரும்பும் சீட்டும் அதனுடன் செல்லாததாயிற்று. புதுச் சீட்டை மும்மடங்கு விலைக்கு வாங்கிச் சென்றவர், முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து இரண்டு நாட்களின் பின்னரே வீடு சேர்ந்தார். தம்பியார்தான் எல்லாவற்றையும் செய்தார் என்று எம்மிடம் கூறினார். பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஒரே பதிவில் வார்ணெஸிலிருந்து கொழும்புவரை வாங்கியிருந்தால் நிலைமை வேறு. இணைப்பு விமானங்கள் ஒரே பதிவாயின் முழுப் பயணமும் ஒன்றே என்பது 2018 மே மாதத் தீர்ப்பொன்றின் சாரம். முதற் துண்டு நின்றாலும் கொழும்புவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அப்போது நிறுவனத்துடையது.

முகவரிடம் வாங்குவோருக்கும் சில வார்த்தைகள். புயல் நாளில் நிறுவனம் முகவரிடம் போகச் சொல்லும். முகவரின் தொலைபேசி ஓய்வின்றி ஒலித்துக்கொண்டிருக்கும். ஆயினும் மாற்றுப் பயணத்துக்கான கடமை விமானத்தை இயக்கும் நிறுவனத்துடையது என்பதை மறவாதீர்கள். முகவர் தமது வேலைக்கென அறவிடும் மாற்றற் கட்டணம் நிறுவனத்தின் தள்ளுபடியில் அடங்காது. பணம் திரும்பும்போது முகவரின் தரகுப் பணமும் சேர்ந்தே வரவேண்டும், நிறுவனம் அறியாமல் அது நிர்ணயிக்கப்பட்டிருந்தால் அல்லாமல், என 2018 செப்டெம்பரில் தீர்ப்பாகியுள்ளது. 2008 ஜூனுடன் பழைய சிவப்புக் கரி படிந்த காகிதச் சீட்டுக்கள் மறைந்துவிட்டமையால், எம்மிற் பலரிடம் இன்று எழுத்து நிபந்தனைகள் எவையும் கையில் இல்லை. வாங்கும் அன்றே முகவரிடம் கேட்டு அச்சிட்டு வைத்துக்கொள்ளல் வேண்டும். உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கம் பதிவில் இருக்கின்றதா என்பதையும் பாருங்கள். முகவரின் இலக்கமே பதிவில் இருந்தால், விமானம் நின்ற செய்தி நள்ளிரவில் அவருடைய பூட்டிய கடைக்குத்தான் போகும்.

நிறுவனம் உதவ மறுத்தால் வரவேற்பு மேசையில் வாதாடுவதிற் பயனில்லை. விடுதி, உணவு, பேருந்து ஆகியவற்றின் பற்றுச்சீட்டுக்களைச் சேர்த்து, முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். தீர்வு கிடைக்காவிடின் 'ட்ரான்ஸ்போர்ட் க்லாகெ நெம்ண்டா' எனும் போக்குவரத்து முறையீட்டுச் சபைக்குச் செல்லலாம். நோர்வே மொழி எழுத வராத பெற்றோருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். நீண்ட கடிதம் தேவையில்லை. திகதி, விமான இலக்கம், நிறுவனம் சொன்னது, நீங்கள் செலவிட்டது ஆகிய நான்கும் போதும்.

பிரித்த சீட்டைத் தவிர்க்க முடியாதவர்களுக்கு இறுதியாக ஒரு செய்தி. துரொண்ட்ஹெய்மிலிருந்து ஒஸ்லோ செல்லும் டோவ்ரே ரயில் கார்டெர்மூன் விமான நிலையத்திலும் நிற்கின்றது. பகலில் ஏறத்தாழ ஏழு மணி நேரப் பயணம். இரவு வண்டியும் உண்டு. குளிர்காலத்தில் கொழும்பு விமானத்துக்கு முதல் நாளே அதில் ஏறி, நிலையத்தருகே ஓர் இரவு தங்குவதற்கு ஆகும் செலவு, மேலே சொன்ன அன்பர் வாங்கிய புதுச் சீட்டின் விலையில் ஒரு சிறு பங்கே.