ஆரணி வீடுகளில் ஈய வர்ணம்

ஆரணியில் பட்டுச் சேலை நெய்யப்படுவது பெரும்பாலும் வீட்டிலேயே. குழித்தறி கிடக்கும் கூடத்துக்கு அடுத்தாற்போல் சமையல்; தறியின் பக்கத்திலே குழந்தை தவழ்கிறது. ஆகையால், அவ்வீட்டுக் கதவுக்கு என்ன வர்ணம் பூசியிருக்கிறது என்பது அழகைப் பற்றிய கேள்வி மாத்திரமன்று.

மஞ்சள், சிவப்பு, பச்சை எண்ணெய் வர்ணங்களில், பிரகாசத்துக்காகவும் சீக்கிரம் உலருவதற்காகவும் வெகுகாலமாக ஈயச் சரக்குகள் கலக்கப்பட்டு வந்தன. பழைய வர்ணம் உதிரும்போதும், கதவு நிலையில் உராயும்போதும், அது தூசியாகித் தரையில் படிகிறது. தரையைத் தொட்ட குழந்தையின் கை வாய்க்குப் போகிறது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; இன்ன அளவு வரை பயமில்லை என்று வைத்தியர்கள் சொல்வதற்கில்லை. காய்ச்சலைப்போல் உடனே தெரிந்தால் தாயாவது கவனிப்பாள். இது தெரிவதில்லை.

சங்கதி புதிதன்று. தாழ்வாரக் கிராதிகளின் வர்ணமே பிள்ளைகளுக்கு விஷமாகிறதென்று ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து வைத்தியர் லாக்ஹார்ட் கிப்ஸன் 1904-லேயே எழுதினார். நமது சர்க்கார் 2016-ல்தான் விதி இயற்றினார்கள். 2017 நவம்பர் முதல் தேதியிலிருந்து, வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்பது கட்டளை.

வக்கீல் கண்ணுக்குச் சட்டத்தில் எழுதியதைக் காட்டிலும் எழுதாமல் விட்டதே முன்னால் தெரியும். அவ்விதி வர்ணத்தைச் செய்பவரையும் விற்பவரையும் கட்டுப்படுத்துகிறது. ஏற்கெனவே கதவிலும் ஜன்னலிலும் ஏறி உட்கார்ந்துவிட்ட வர்ணத்தை யார் பார்ப்பது? அமெரிக்காவில் 1978-ல் தடை வந்தது. அதற்கு முன் கட்டிய வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் தாம் அறிந்த ஈய வர்ணத்தை மறைக்கலாகாதென்று 1992-ல் வேறொரு சட்டமும் செய்தார்கள். இங்கே அத்தகைய கடமை எவருக்கும் இல்லை.

ஆரணி நகராட்சி இதைத் தானே மேற்கொள்ளலாம். நெசவாளர் தெருக்களில் சிறு பிள்ளைகள் இருக்கும் பழைய வீடுகளை முதலில் சோதிக்க வேண்டும். எக்ஸ் கதிர்க் கருவியைக் கதவில் வைத்தால் ஈயம் உண்டா என்பது அப்போதே தெரியும். கருவி கிடைக்காவிடில், உதிர்ந்த வர்ணச் சில்லையும் தரைத் தூசியையும் ரசாயனசாலைக்கு அனுப்பலாம். பிள்ளைகளின் இரத்தச் சோதனை சர்க்கார் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. இச்செலவைக் கூலிக்கு நெய்பவன் தலையில் சுமத்த நாம் ஒருபோதும் உடன்படோம்.

சோதனை வரும்வரை ஒரு காரியம் கையில் இருக்கிறது. பொங்கலுக்கு வர்ணம் பூசுமுன் பழையதை உப்புத்தாளால் உலரத் தேய்ப்பது வழக்கம். அதில் எழும் தூசியே பெரிய அபாயம். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அப்புறப்படுத்தி, நீர் தெளித்துத் தேய்த்து, தரையை ஈரத்துணியால் துடையுங்கள்; பழைய வர்ணக் கதவை உடைத்து அடுப்பில் வைக்காதீர்கள்.