பருவமும் பாதுகாப்பும்: நாரா தேசிய அருங்காட்சியகத்தின் ஆண்டுக் கண்காட்சிகள்

முன்னுரை

அருங்காட்சியகங்கள் பருவந்தோறும் நடத்தும் கண்காட்சிகளைப் பார்வையாளர்களை ஈர்க்கும் முயற்சிகளாக மட்டுமே கருதும் போக்கு நம்மிடையே உண்டு. நிலையான காட்சிக்கூடமே கல்விக்குரியது, சில வாரங்களில் முடிந்துவிடும் கண்காட்சி பொழுதுபோக்குக்குரியது என்ற எண்ணத்துடனேயே மாணவர்களை அழைத்துச் செல்கிறோம். இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை, ஜப்பானின் நாரா தேசிய அருங்காட்சியகத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தியவியல் ஆய்வாளர்கள் அறிய வேண்டிய செய்திகள் அங்கு இருப்பதும் இத்தேர்வுக்கு ஒரு காரணமாகும்.

நாராவின் ஆண்டுச் சுழற்சி

நாரா எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானின் தலைநகராக விளங்கியது. அங்கு 1895இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் பௌத்தக் கலைக்குச் சிறப்பிடம் தருவதாகும். அதன் கண்காட்சிகள் பலவும் அவ்வூர் விழாக்களின் காலத்தை ஒட்டியே அமைகின்றன. தோதாய்ஜி கோயிலில் 752 முதல் இடையறாது நடைபெற்றுவரும் ஓமிசுதோரி வழிபாடு மார்ச் மாதத்தில் வரும். அதனை ஒட்டி அவ்வழிபாடு தொடர்பான அரும்பொருள்கள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. கசுகா திருத்தலத்தில் 1136இல் தொடங்கிய ஒன்மட்சுரி விழா டிசம்பரில் நிகழும். அதற்கெனவும் ஒரு கண்காட்சி உண்டு. இவை எல்லாவற்றினும் புகழ்பெற்றது, இலையுதிர்காலத்தில் நடைபெறும் ஷோசோயின் கண்காட்சி ஆகும்.

ஷோசோயின் கருவூலம்

756இல் பேரரசர் ஷோமு மறைந்தார். நாற்பத்தொன்பதாம் நாள் வழிபாட்டின்போது பேரரசி கோமியோ, அவர் பயன்படுத்திய பொருள்கள் உட்பட 600க்கும் மேற்பட்டவற்றைத் தோதாய்ஜியின் பெரிய புத்தருக்குக் காணிக்கையாக்கினார். அவற்றைக் காத்த மரக்கட்டடமே ஷோசோயின். இன்று அக்கருவூலத்தில் ஏறத்தாழ 9,000 பொருள்கள் உள்ளன. அதன் கதவுகள் பேரரசரின் முத்திரையால் அடைக்கப்பட்டவை. அரண்மனைத் தூதர் முன்னிலையில் அன்றித் திறக்கப்படுவதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்தில் முத்திரை அகற்றப்படுகிறது. அப்பருவத்தில் காற்று உலர்ந்திருக்கும் என்பதே இதற்கு அடிப்படைக் காரணம். பொருள்களை வெளியில் எடுத்துக் காற்றாட வைத்து, பூச்சியும் பூஞ்சையும் பற்றியுள்ளனவா என நோக்கி, பட்டியலோடு ஒப்பிட்டு மீண்டும் உள்ளே வைப்பது பழைய மரபு. 787, 793 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு காற்றாட வைத்தபோது எழுதப்பட்ட ஆய்வுக் குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. 1946இல் தொடங்கிய பொதுமக்களுக்கான கண்காட்சி, இந்தப் பராமரிப்புப் பணியின் ஒரு பகுதியாகவே அமைந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 பொருள்கள், இரண்டு வாரங்களுக்குச் சற்று மிகுதியான காலம் மட்டுமே காட்டப்படுகின்றன. ஒருமுறை காட்டப்பட்ட பொருள் பொதுவாகப் பல ஆண்டுகள் மீண்டும் வெளிவருவதில்லை. ஒளியினால் சாயத்திற்கும் இழைக்கும் ஏற்படும் சேதம் மீட்க முடியாதது. ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே செல்வது. எனவே குறுகிய காட்சியும் நெடிய ஓய்வும் அப்பொருள்களின் ஆயுளை நீட்டிக்கும் வழிமுறைகளாகின்றன.

இந்தியத் தொடர்புகள்

தோதாய்ஜியின் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறக்கும் சடங்கை நிகழ்த்தியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. 736இல் ஜப்பானை அடைந்த அவரைத் தென்னிந்தியர் என்று அவருடைய மாணவரின் குறிப்பு கூறுகிறது. அச்சடங்கில் பயன்படுத்தப்பட்ட தூரிகையும், கூடியிருந்தோர் பற்றி நின்ற நீல நிறக் கயிறும் இக்கருவூலத்தில் உள்ளன. தென்னிந்தியர் என்ற குறிப்பைக் கொண்டே அவரைத் தமிழர் எனத் துணிந்துரைப்பது ஆய்வுநெறிக்கு ஏற்றதன்று.

பேரரசியின் காணிக்கையில் 60 வகை மருந்துப் பொருள்களும் அடங்கும். அவற்றின் பட்டியலில் மிளகு, திப்பிலி, பாக்கு, கடுக்காய், நெல்லி ஆகியன இடம்பெறுகின்றன. கடுக்காயைச் சுட்டும் 'கரிரோகு' என்னும் பெயர் 'ஹரிதகி' என்ற வடமொழிச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. நெல்லியின் பெயரும் 'ஆமலக' என்பதிலிருந்து வந்ததே. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள பொருள்கள் எட்டாம் நூற்றாண்டிலேயே ஜப்பானிய அரச ஆவணம் ஒன்றில் பதிவு பெற்றிருப்பதை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டலாம்.

நமக்குரிய படிப்பினை

நம் நாட்டில் உலர்ந்த இலையுதிர்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுதி. ஆகவே நாராவின் முறை நமக்குப் பொருந்தாது எனச் சிலர் கருதலாம். ஆனால் ஷோசோயின் பொருள்கள் இன்று பழைய மரக்கட்டடத்தில் இல்லை. 1953இலும் 1962இலும் எழுப்பப்பட்ட கற்காரைக் கட்டடங்களில் குளிர்சாதன வசதியுடன் அவை காக்கப்படுகின்றன. காற்றாட வைக்கும் தேவை நீங்கிய பின்னும் ஆண்டுத் திறப்பு தொடர்கிறது. ஆண்டுதோறும் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பொருளின் நிலையையும் சரிபார்க்கும் ஒழுங்கே அதன் உயிர்நாடி என்பது இதனால் தெளிவாகிறது.

பருவத்தை ஒட்டிய வழக்கம் அழிவுக்கும் துணைபோகக்கூடும். ஆடிப் பதினெட்டில் பழைய ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்ட செய்தியை உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் வேதனையுடன் பதிவு செய்துள்ளார். அதே தமிழ் மரபில், கலைமகள் விழாவின்போது சுவடிகளை வெளியே எடுத்துத் தூய்மை செய்து வழிபடும் வழக்கமும் இருந்தது. இவ்விரண்டில் எதனை நாம் பின்பற்றப் போகிறோம் என்பதே இன்றைய வினா. தோட்டப்புறக் கோயில்களின் கணக்கேடுகள், தமிழ்ப்பள்ளிகளின் வருகைப் பதிவேடுகள், பழைய நாளிதழ்கள், குடும்ப நிழற்படங்கள் ஆகியவை பூட்டிய அலமாரிகளில் கரையானுக்கு இரையானால், இந்நாட்டுத் தமிழர் வரலாற்றை எழுதுவதற்கான முதன்மைச் சான்றுகளை இழந்துவிடுவோம்.

முடிவுரை

பருவக் கண்காட்சி என்பது பாதுகாப்பு, ஆய்வு, கல்வி ஆகிய மூன்றும் சந்திக்கும் இடம் என்பதை நாரா உணர்த்துகிறது. இதனைத் தொடங்கப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு தமிழ்ப்பள்ளி தன்னிடமுள்ள பழைய பொருள்களுக்குப் பட்டியல் ஒன்று வரைந்து, கலைமகள் விழாவை ஒட்டி ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை வெளியே எடுத்து, சரிபார்த்து, அவற்றுள் பத்தினை மட்டும் மாணவர்களுக்குக் காட்டி, மீண்டும் உள்ளே வைக்கலாம். அடுத்த ஆண்டு வேறு பத்து. இப்பணிக்கு ஆசிரியர்களே முன்னோடிகளாக அமைதல் வேண்டும்.