மெதுவான காரே வழியைத் தீர்மானிக்கட்டும்

பழைய கார்களை எடுத்துக்கொண்டு மூன்று நான்கு நாள் கிராமச் சாலைகளில் சுற்றிவர நினைக்கும் ஆர்வலர்கள், திட்டமிட உட்கார்ந்ததும் முதலில் விரிப்பது வரைபடத்தைத்தான். எந்த ஊருக்குப் போகலாம், எங்கே தங்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேச்சு அங்கிருந்தே தொடங்குகிறது. இந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. முதலில் கையில் இருக்க வேண்டியது வரப்போகும் கார்களின் பட்டியல். அதில் எது மூத்தது, எது மேட்டில் திணறும், எதற்குப் பிரேக் பலம் குறைவு என்று பார்த்து, அந்த ஒரு கார் நோகாமல் போய்வரக்கூடிய தூரத்தையே மொத்தக் கூட்டத்துக்கும் ஒரு நாள் கணக்காக வைக்க வேண்டும். ஊரும் விடுதியும் அதற்குப் பிறகு.

பட்டியலை இவ்வளவு வலியுறுத்தக் காரணம், ‘வின்டேஜ்’ என்ற சொல் பல தலைமுறைகளை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுவதுதான். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, பெரிய அளவில் மாற்றப்படாத சொந்த உபயோக வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. பேரணிக்கும் கண்காட்சிக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் சாலைக்குக் கொண்டுவரலாம். இந்தக் கணக்கில் 1974-ஆம் ஆண்டு அம்பாசடரும் 1924-ஆம் ஆண்டு ஃபோர்டு ‘மாடல் டி’யும் ஒரே வகை. ஆனால் அம்பாசடரில் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் அழுத்தம் நான்கு சக்கரங்களையும் பிடிக்கும். ‘மாடல் டி’யின் கால் பிரேக் எந்தச் சக்கரத்தையும் நேராகப் பிடிப்பதில்லை, கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு டிரம்மை மட்டுமே பிடிக்கிறது. சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம். வழியை வகுப்பவர் அப்படிப் பார்த்தால் ஆபத்து.

மலையை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் இத்தகைய பயணம் என்றதும் பலருக்கும் ஊட்டிதான் நினைவுக்கு வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக என்றால் 36. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். 1920-களின் கார்களில் ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மூடி அல்ல. பல கார்களில் தண்ணீரைச் சுழற்றும் பம்பும் கிடையாது. சூடான நீர் மேலேறி, ஆறிய நீர் கீழிறங்குகிற இயல்பை நம்பியே எஞ்சின் குளிர்கிறது. அதாவது, எஞ்சின் அதிகம் உழைக்கும் இடத்திலேயே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது. காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சினின் சக்தியிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ‘மாடல் டி’க்கு இன்னொரு சங்கடம்: அதன் பெட்ரோல் டாங்க் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, பெட்ரோல் தானாக வழிந்துதான் கார்புரேட்டருக்கு வர வேண்டும். டாங்க் பாதி காலியாக இருந்தால் செங்குத்தான மேட்டில் அது வந்து சேராது. அந்தக் காலத்தில் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் மலையேறினார்கள்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம். நீண்ட இறக்கத்தின் அடியில் நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்கும் அருகே கொண்டுபோனால் சங்கதி தெரிந்துவிடும். ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் அனல் அடித்தும் இருந்தால் பிரேக் ஒருபக்கமாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். அடுத்த வளைவில் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் 200 கிலோமீட்டரை மாலைக்குள் முடித்தாக வேண்டிய அட்டவணையில் அந்த ஐந்து நிமிடத்துக்கு இடம் இருக்காது. விபத்துக்கு அவசரம்தான் வழிவிடுகிறது.

குறைந்த தூரம் போனால் அது பயணமாகவே இருக்காது, இத்தாலியின் ‘மில்லே மிலியா’வில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டரைச் சில நாட்களில் ஓடி முடிக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே வருபவை 1927 முதல் 1957 வரை நடந்த அசல் பந்தயத்தில் ஓடிய கார்களும் அதே மாடல்களும். நெடுந்தூரம் வேகமாக ஓடும் வலு உள்ளவை. நமக்குப் பொருந்தும் முன்மாதிரி அதைவிடப் பழையது. 1900-இல் பிரிட்டனின் ஆட்டோமொபைல் கிளப் 65 வண்டிகளுடன் ‘ஆயிரம் மைல் சோதனை ஓட்டம்’ நடத்தியது. ஏப்ரல் 23 அன்று லண்டனில் புறப்பட்டு, எடின்பரோ வரை போய், மே 12 அன்று திரும்பினார்கள். அதே ஆயிரம் மைலுக்கு 20 நாள். வழியில் பெரிய நகரங்களில் தங்கிக் கார்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். காரையே பார்த்திராத மக்களுக்கு அதைக் காட்டிப் பழக்குவது நோக்கமாக இருந்ததால், நின்ற நேரத்துக்கும் ஓடிய நேரத்துக்குச் சமமான மதிப்பு கிடைத்தது.

அந்த அளவை வைத்துப் பார்த்தால் எனக்குச் செட்டிநாடு பொருத்தமாகப் படுகிறது. நிலம் பெரும்பாலும் சமதரை. காரைக்குடியில் ஒரே இடத்தில் தங்கினால் கானாடுகாத்தான், திருமயம், பிள்ளையார்பட்டி, தேவகோட்டை எல்லாம் சுமார் 25 கிலோமீட்டருக்குள். தினமும் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டாம். மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும் கார், நிற்பதையும் தண்ணீர் ஊற்றுவதையும் சேர்த்தால் நடைமுறையில் 25 தான் ஓடும். காலை ஏழுக்குக் கிளம்பினால் பதினோரு மணி வெயிலுக்குள் 100 கிலோமீட்டர் முடியும். அதுவே உச்ச வரம்பு. பொங்கல் முடிந்த நாட்கள் குளிர்ச்சிக்கு நல்லவை, ஆனால் அது அறுவடைக் காலம். சாலையில் பரப்பிய வைக்கோல் அடிப்பாகத்தில் சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே வழியை ஆறு மாதம் முன்பு பார்த்து வைத்தால் போதாது. புறப்படும் வாரத்தில் ஒருவர் போய்ப் பார்த்து, வேண்டுமானால் மாற்றுச் சாலை குறித்துத் தர வேண்டும். நாலுவழிச்சாலையை அறவே தவிர்க்கலாம்: லாரிகள் 80-இல் வரும் இடத்தில் 40-இல் போகும் கார் எல்லோருக்கும் தொல்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தால் போதாதா என்பது இன்னொரு வாதம். சொந்த ஊரிலிருந்து காரைக்குடி வரை ஏற்றி வருவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை; சென்னையிலிருந்து 400 கிலோமீட்டரை ஓட்டியே வரச் சொல்வது கொடுமை. ஆனால் வந்த பிறகு ஓட வேண்டும். நின்றே கிடக்கும் காரில் ரப்பர் குழாய் இறுகும், டாங்கில் துரு ஏறும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால் நிலைமை மோசம். அது ஈரத்தை இழுக்கும். பழைய கார்புரேட்டரில் மிதக்கும் கார்க்குக்குப் பூசிய அரக்கையும் கரைத்துவிடும். அப்படி ஊறிய கார்க் மூழ்கினால் பெட்ரோல் நிற்காமல் வழியும். இதெல்லாம் ஓட்டிப் பார்த்தால்தான் வெளியே தெரியும். இது தெரிய வேண்டிய இடம் நடுவழி அல்ல. கிளம்புவதற்கு முன் வீட்டருகே இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வரும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புறப்படும் ஒழுங்கும் இதே அளவுகோலின்படிதான். மெதுவான கார் முதலில், வேகமானது கடைசியில். அதற்கும் பின்னால் மெக்கானிக்குகளுடன் பழுதான காரை ஏற்றிவரும் லாரி. நடுவில் ஒரு நிறுத்தம், புளியமர நிழலில், குடம் குடமாகத் தண்ணீர் கிடைக்கிற இடமாக. ஆறு வோல்ட் விளக்குகளை நம்பி இருட்டில் ஓட்ட முடியாது என்பதால் பொழுது சாய்வதற்குள் எல்லாக் கார்களும் விடுதிக்கு வந்திருக்க வேண்டும். கடைசி நாள் மதியத்துக்கு எந்த நிகழ்ச்சியும் வைக்காமல் விட்டுவிடலாம். முந்தின நாள் லாரியில் திரும்பிய கார் ஏதாவது இருந்தால், அதைச் சரிசெய்து, உரிமையாளர் கையாலேயே பிள்ளையார்பட்டி வரை ஒருமுறை ஓட்டிவர அந்த நேரம் வேண்டும்.