விலைச் சீட்டிலிருந்து இமெயிலுக்கு வந்த @

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இமெயில் கணக்கு தொடங்கிக் கொடுக்கும்போது, பலரும் என்னிடம் கேட்பது இதுதான்: "முகவரியில் @ எதற்கு? அதை ஏன் 'அட் த ரேட்' என்கிறோம்? இமெயிலில் என்ன ரேட் இருக்கிறது?"

நியாயமான கேள்வி. @ முதலில் வணிகர்களின் குறியீடு. ஆங்கிலக் கணக்கு வழக்குகளில் "ஒன்றின் விலை" என்று பொருள். "10 பேனா @ 5 ரூபாய்" என்றால் மொத்தம் 50 ரூபாய். இதற்காகவே டைப்ரைட்டரில் இடம் பிடித்து, பின்னர் கம்ப்யூட்டர் கீபோர்டுக்கும் வந்தது.

1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு நெட்வொர்க் வழியே கடிதம் அனுப்பும் புரோகிராமை எழுதினார். ஆளின் பெயரையும் கம்ப்யூட்டரின் பெயரையும் பிரிக்க ஒரு குறி தேவைப்பட்டது. அது யாருடைய பெயரிலும் வராததாக இருக்க வேண்டும். கீபோர்டில் அதிகம் பயன்படாமல் இருந்த @ பொருத்தமாக அமைந்தது. "இன்னார், இந்த இடத்தில்" என்ற புதிய பொருள் பிறந்தது. நம் வாயில் மட்டும் பழைய "ரேட்" ஒட்டிக்கொண்டுவிட்டது!

இனி இது எளிதில் மாறாது. உலகின் எல்லா மெயில் புரோகிராம்களும் இதை நம்பியே இயங்குகின்றன. 2004-ல் மோர்ஸ் தந்தி முறையிலும் இதைச் சேர்த்தார்கள்.

இதை டைப் செய்ய ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு 2-ஐ அழுத்துங்கள். மேற்கோள் குறி வந்தால் கீபோர்டு கெட்டுப்போகவில்லை. பிரிட்டன் முறையில் செட் ஆகியிருக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் லாங்குவேஜ் பகுதிக்குச் சென்று அமெரிக்க முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. இமெயில் முகவரியில் @-க்கு இடப்பக்கம் யார் வேண்டுமானாலும் உங்கள் வங்கியின் பெயரை வைத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் இருப்பதுதான் நிறுவனத்தின் பெயர். அதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அதையும் போலியாகக் காட்ட முடியும் என்பதால், சரியாக இருந்தாலும் பாஸ்வேர்டைக் கேட்கும் மெயிலுக்குப் பதில் அனுப்பாதீர்கள்.

2016-ல் வந்த யு.பி.ஐ. முகவரியிலும் இதே @ இருக்கிறது. விலைச் சீட்டில் தொடங்கிய குறி மீண்டும் பணத்தோடு சேர்ந்துவிட்டது. எனவே கவனம்: பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. "பணம் அனுப்புகிறோம், பின் நம்பரைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், போவது உங்கள் பணம்தான்.