முனகும் கணினி

இயந்திரங்களோடு வாழ்ந்து பழகியவர்களுக்கு அவற்றின் ஒலியே செய்தியாகும். பண்டாரவளையைச் சூழ்ந்த மலைகளிலே கொழுந்தை அரைக்கும் உருளைகளும், காய்ச்சும் அடுப்புகளின் பெரிய விசிறிகளும், தூளைத் தரம் பிரிக்கும் சல்லடைகளும் ஓயாது ஓடும் தேயிலைத் தொழிற்சாலைகள் பல எழுந்தன. ஹப்புத்தளைக்கு அருகே 1890ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலை அவற்றுட் பெயர் பெற்றது. அத்தகைய இடத்திலே தொழில் செய்வோர், இரைச்சலுக்குள் புதிதாய் ஒரு கரகரப்புக் கலந்தால், கண்ணால் காணுமுன்னரே காதால் அறிந்து திரும்பிப் பார்ப்பர்.

கேட்டு நோயறிதல் மருத்துவத்திற்கும் உரிய கலையே. 1816ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து மருத்துவர் லென்னெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். இன்று மருத்துவர் கழுத்திலே தொங்கும் ஸ்டெதஸ்கோப் அந்தக் காகிதக் குழலின் வழித்தோன்றலே.

அக்கலையை நம் வீட்டு மூலையில் முனகிக்கொண்டிருக்கும் பழைய மேசைக் கணினிக்கும் பயன்படுத்தலாம். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பெட்டியின் பின்புறத்துக் காற்றுத் துளைகளுக்கு அருகிலும் வைத்து மெல்ல நகர்த்துக. ஒலி எவ்விடத்திலிருந்து வருகின்றது என்பது தெளிவாகும். இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்ததென்க.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கையால் அழுத்தியவுடன் ஒலி நின்றுவிட்டால், தளர்ந்த திருகாணியே காரணம். அதை இறுக்கினால் போதும். உர்ரென்ற இரைச்சலோ கரகரப்போ இடைவிடாது கேட்டால் மின்விசிறியை ஐயுறல் வேண்டும். ஊவாவில் இதற்குக் காரணங்கள் இரண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைப் பொழிந்துவிட்டு, ஆடி ஆவணியில் வறண்ட காற்றாய் இப்பக்கம் இறங்குகின்றது. ஊவாத் தேயிலைக்கு மணத்தைத் தரும் அக்காற்றே கணினிக்குள் புழுதியையும் கொண்டு சேர்க்கின்றது. மற்றது குளிர். ஏறக்குறைய 4,000 அடி உயரத்திலுள்ள இவ்வூரின் காலைக் குளிரில் விசிறியின் அச்சிலுள்ள மசகு தடித்துப்போகும். எழுந்தவுடன் முனகி, சூடேறிய பின் அடங்கும் விசிறியின் குறை பெரும்பாலும் இதுவே.

மின்னிணைப்பை முற்றாகக் கழற்றிய பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். விசிறியின் இதழை விரலாற் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையாற் புழுதியை நீக்குக. பின்பு விரலாற் சுழற்றிப் பார்க்க, அது தடையின்றிச் சுழலவேண்டும். இறுகியிருப்பின் அச்சில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி இடலாம். தேங்காய் எண்ணெயை இடுதல் ஆகாது. ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திற்குக் கீழே அது உறைந்துவிடும். போத்தலில் எண்ணெய் கட்டியாவதை நாள்தோறும் காணும் மலையகத்தாருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? அச்சு தேய்ந்து ஆடுமாயின் புதிய விசிறியே வழி.

கணினியை இயக்கியதும் 'பீப்' என்று ஒருமுறை ஒலித்தல் பல கணினிகளில் நலத்தின் அடையாளம். திரையில் ஒன்றும் தோன்றாமல் அவ்வொலி மீண்டும் மீண்டும் எழுமாயின், நினைவகப் பலகை தன் இடத்தில் சரிவர அமரவில்லையோ என முதலில் நோக்குக. மின்னிணைப்பை நீக்கி, அதனைக் கழற்றி உலர்ந்த துணியால் விளிம்பைத் துடைத்து மீண்டும் பொருத்த, பலவேளை குறை தீரும். மின்வழங்கியில் படபடவென்ற ஒலியும் கருகல் நாற்றமும் எழுந்தாலோ உடனே மின்சாரத்தை நிறுத்துக. அப்பெட்டியை மட்டும் திறவற்க. இணைப்பைக் கழற்றிய பின்னும் அதனுள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இவையெல்லாம் பொறுக்கத்தக்க ஒலிகள். விசிறியும் மின்வழங்கியும் கடையிற் கிடைப்பவை. பொறுக்கலாகாத ஒலி ஒன்றுண்டு. 'டக், டக்' என ஒரே சீராக வன்தட்டிலிருந்து எழும் ஒலி அது. வன்தட்டினுள்ளே தகடுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றை வாசிக்கும் முனை, மயிரிழையின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கேயான இடைவெளியில் மிதந்து செல்கின்றது. அம்முனை தன் தடத்தைக் காணாது திரும்பத் திரும்பத் தேடும்போது எழுவதே அந்த 'டக், டக்'. சிலவேளை தகட்டையே உரசிக்கொண்டுமிருக்கும். ஒவ்வொரு நிமிடமும் ஓட ஓட அழிவு மிகும்.

மலையகத் தமிழருக்கு ஒரு கடதாசியின் அருமை பிறர் சொல்லித் தெரியவேண்டியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இம்மண்ணிற் பிறந்தவர் என்பதை நிறுவுமாறு கேட்டபோது, சான்று காட்ட இயலாமற் குடியுரிமை இழந்தோர் பல இலட்சம் பேர். எஞ்சியோர்க்கு வழி பிறக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று பிறப்புச் சான்றிதழின் படமும், ஊழியர் சேமலாப நிதித் தாளும், இந்தியாவுக்குச் சென்றுவிட்ட உறவினரின் புகைப்படங்களும் பல வீடுகளிலே கணினியுள் உறங்குகின்றன. அவற்றுக்கு வேறு பிரதி உண்டா என்று எத்தனை வீட்டார் எண்ணிப் பார்த்திருப்பர்?

ஆதலின் வன்தட்டில் முதன்முறை அவ்வொலி கேட்ட அன்றே, கணினி இன்னும் கோப்புகளைத் திறந்து காட்டுமாயின், வேறெதனையும் செய்யாது முக்கியமானவற்றை முதலிலும் மற்றவற்றைப் பின்னருமாக வேறொரு நினைவகத்துக்குப் பிரதி செய்க. ஒலி விடாது தொடருமாயின் நிறுத்திவிட்டுத் தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுத்தலே தக்கது. வன்தட்டை வீட்டில் திறந்து பார்த்தல் கூடாது. தூசியின் ஒரு துகளே அதற்குப் பகையாகும். தட்டியும் குலுக்கியும் பார்த்தல் அதனினும் கேடு. ஒலி எதுவும் எழாத வீட்டாரும் இவ்வாரமே ஒரு பிரதி எடுத்து, அதனைக் கணினி இருக்கும் அறையிலன்றி வேறோர் இடத்திலே வைப்பாராக.