கொழுப்பு காட்டும் எடை மெஷின்: அந்த எண்ணை நம்பலாமா?



எடையோடு சேர்த்து உடம்பில் உள்ள கொழுப்பையும் காட்டும் மெஷின் இப்போது கிராமங்களுக்கும் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றால் போதும். "அக்கா, உங்க உடம்புல கொழுப்பு 36 சதவீதம் இருக்கு. இந்தப் பவுடரைச் சாப்பிட்டா இறங்கிடும்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. பயந்துபோய் குழுவில் உள்கடன் கேட்பதற்கு முன், அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வோம்.

மெஷின் எதை அளக்கிறது?

கால் வைக்கும் இடத்தில் உலோகத் தகடுகள் இருக்கும். அவற்றின் வழியாக மிகச் சிறிய மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். நமக்கு அது தெரியாது. தண்ணீரும் உப்பும் நிறைந்த சதையில் மின்சாரம் சுலபமாக ஓடும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, அங்கே தடைபடும். அந்தத் தடையைத்தான் மெஷின் அளக்கிறது. பிறகு நம் உயரம், வயது, எடை, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரு சதவீதம் சொல்கிறது. ஆக, எடை என்பது அளந்தது. கொழுப்பு என்பது கணித்தது. வயதையோ உயரத்தையோ தப்பாகப் பதிந்தால் விடையும் தப்புதான்.

இன்னொரு விஷயம். இந்த மின்சாரம் பெரும்பாலும் கால்களிலும் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும்தான் ஓடுகிறது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி வைக்கும் வயிற்றுக் கொழுப்பை அது நேராகப் பார்ப்பதில்லை.

எண் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

களை எடுத்து வியர்த்து வந்து நின்றால் ஒரு எண். சாப்பிட்டு, தண்ணீர் குடித்த பிறகு வேறு எண். மாதவிலக்கு சமயத்தில் உடம்பில் நீர் கோத்தால் இன்னொரு எண். பாதம் காய்ந்து வெடித்திருந்தாலும் மாறும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நேற்று 34, இன்று 31 என்று காட்டினால், 3 சதவீதம் என்பது 1.8 கிலோ கொழுப்பு. ஒரு வாரம் முழுப் பட்டினி கிடந்தாலும் அவ்வளவு கரைவது கஷ்டம். ஒரே நாளில் கரையுமா? மாறியது பெரும்பாலும் உடம்பின் தண்ணீர்தான்.

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன?"

அப்படியும் இருந்துவிட முடியாது. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில், புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து டாக்டர் யுட்கினும் தங்கள் உடம்பையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே அளவு, 22.3. சிறப்பு எக்ஸ்ரே கருவியில் பார்த்தபோது யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் நாட்டவர்களுக்கு வெளியே தெரியாமலே கொழுப்பு சேரும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

அப்போ என்னதான் செய்வது?

தையல் டேப் போதும். விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபின் சுற்றளவு எடுங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மெஷின் ஏற்கெனவே இருந்தால் வீணில்லை. இவற்றைக் கவனியுங்கள்:

• பாய், மண் தரை வேண்டாம். சமமான, கெட்டியான தரையில் வையுங்கள்.
• காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் நில்லுங்கள். பாதம் சுத்தமாக இருக்கட்டும்.
• ஒரு நாள் எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஒரே மெஷினில் இரண்டு, மூன்று மாதம் எழுதி வைத்தால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது ஓரளவு புரியும்.
• இதயத்துக்கு பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் இந்தக் கொழுப்புக் கணக்கைப் பார்க்க வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். ஒரு டேப் கொண்டுபோய் எல்லோருக்கும் இடுப்பளவு எடுத்து நோட்டில் குறித்து வையுங்கள். மெஷின் காட்டிய எண்ணுக்காக யாராவது பவுடர் வாங்கக் கடன் கேட்டால், "முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வாம்மா" என்று சொல்லுங்கள். நாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது.