மௌன குருவின் உபதேசம்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் மேல் நின்று வடக்கே நோக்கினால் காவிரியும், அதற்கப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும் தெரியும். ஒரு வருஷம் கரை புரளும் வெள்ளம். மறு வருஷம் வெறும் மணல். நம் வாழ்வும் அப்படித்தானே!

நாளை என்ன ஆகுமோ என்று கலங்கும் நாம் தாயுமானவரை நினைத்துக் கொள்வது நலம். விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம் இவ்வூரில் உத்தியோகம் வகித்தவர் அவர். பதவியிருந்தும் மனம் அமைதி பெறவில்லை. மௌன குருவை அடைந்து துறவு வேண்டினார். குருவோ "சும்மா இரு" என்று உபதேசித்து, இல்லறம் நடத்திய பின் வருமாறு பணித்தார் என்பர். 1732-ல் மன்னர் மறைந்தார். சில வருஷங்களில் நாயக்கர் அரசும் மறைந்தது. மணந்த மனைவியும் இறந்தாள் என்பர். உபதேசம் மட்டும் அவரை விட்டு அகலவில்லை.

சும்மா இருத்தல் சோம்பியிருத்தலன்று. ஓடும் மனத்தை ஓடாமல் நின்று கவனித்தல். அதற்குக் காடு தேட வேண்டியதில்லை. பிள்ளையின் பரீட்சை, பெண்ணின் கலியாணம், வேலை என்று மனம் பதறும் இரவில் கால் மணி நேரம் அமர்ந்து, "இன்று அஞ்சியவற்றில் நம் கையில் உள்ளது எது?" என்று கேட்டுப் பார்ப்போம். உள்ளதை மறுநாள் காலையில் செய்வோம். ஆற்றில் நீர் வருமோ என்பது தெரியாமலே நம் குடியானவர் நாற்றங்காலை உழுது வைக்கிறார் அல்லவா?